தேவநாதன் இருகரம் விரித்த படலம்

வாழ்க தேவநாதன்! திண்டிவனத்து மல்லாட்டை என்னும் நிலக்கடலை மண்டியின் மன்னவன், மூட்டை மலைகளுக்கு நடுவே மின்விசிறிக் காற்றில் கொலுவீற்றிருப்போன், தொந்தியைக் கேடயமெனத் தாங்கிய திண்டோளன், அம்சாவின் கொழுநன் வாழ்க! அவன் பட்டர்ஃப்ளை நீச்சலடித்த வரலாற்றைச் சொல்லப் புகுகின்றோம். குளோரின் மணக்கும் நீர்த்தெய்வமே, துணை நிற்பாயாக.

பகை மூண்டது ஒரு காதுகுத்து விருந்தில். அம்சாவின் தம்பி, விழுப்புரத்தில் மருந்துக்கடை வைத்திருக்கும் கோபி என்னும் இளங்காளை, பாயசக் கிண்ணமும் கையுமாகப் பந்தி நடுவே செப்பினான்: "மாமா தண்ணில எறங்குனா, பாதி தண்ணி வெளிய வந்துடும்."

வால் மிதிபட்ட நாகமென நிமிர்ந்தான் தேவநாதன். விழுப்புரத்து நீச்சல் குளத்தில் பட்டர்ஃப்ளை அடித்தே மச்சானை வெல்வதாகவும், தோற்றவர் இனி எந்த விசேஷத்திலும் நீச்சலைப் பற்றி வாய் திறப்பதில்லை என்றும் வஞ்சினம் உரைத்தான். அவனுக்குத் தெரிந்தது கிணற்று நீச்சல் மட்டுமே என்பதை அறிந்த அம்சா, அப்பளத்தை நொறுக்கினாள்.

அன்றுமுதல் விடியல்தோறும் ரயிலேறி, குளத்துப் பயிற்சியாளர் சகாயராஜைச் சரணடைந்தான். கால்கள் பணிந்தன, கைகள் பணியவில்லை. இரு கரங்களும் இரட்டைப் பிள்ளைகளென ஒருசேர எழுந்து ஒருசேர விழவேண்டிய அந்நீச்சலில், மூட்டை தூக்கிய செருக்குடைய வலக்கை முந்த, இடக்கை பிந்த, நம் வீரன் புயற்பனையெனச் சாய்ந்து குளத்தைக் குடித்தான். குன்றைப் பெயர்ப்பவன்போல் கைகளை அவன் வானுற உயர்த்துந்தோறும், இடுப்பு பாதாளம் புகுந்தது.

கரையில் குந்திய சகாயராஜ் அருளினார்: "அண்ணே, கைய மேல தூக்கிக்கினு இருந்தா ஒடம்பு கீழதான் போவும். தண்ணிய நெஞ்சுக்குக் கீழ இழுத்து, தொடைகிட்ட தள்ளி உடுங்க. அப்பறம் ரெண்டு கையும் தண்ணிய ஒட்டிக்கினே முன்னாடி வரட்டும்."

ஞாயிற்றுக்கிழமை போர் மூண்டது. விசில் ஒலித்ததும் கோபி அம்பெனப் பாய்ந்தான். தேவநாதனோ பதற்றத்தில் மீண்டும் வானத்தைத் தாக்கி, மூழ்கி, மூக்கில் நீரேறித் தத்தளித்தான். கரையேறிவிடலாமா என்றுகூட எண்ணினான். கரையில் நின்ற அம்சாவின் முகம் கண்ணிற்பட்டது, அவள் சிரிக்கவில்லை. உடனே நீரைத் தழுவி இழுத்து, தொடையருகே தள்ளி விடுத்தான். அம்மம்மா, அக்கணமே இரு கரங்களும் ஏவாமலே எழுந்து, நீர்மேல் தவழ்ந்து, ஒன்றாய் முன்னே வீழ்ந்தன! மச்சானையும் சபதத்தையும் மறந்தான். அடுத்த வீச்சு ஒன்றே வேண்டுமென நெஞ்சம் துள்ளியது.

கோபிதான் முதலில் சுவரைத் தொட்டான், தோள் சோர்ந்து ஒற்றைக் கையால். பின்வந்த தேவநாதன் இரு கையாலும் தொட்டான்.

"ஒத்தக் கை செல்லாது தம்பி. இதுல ரெண்டு கையும் ஒன்னா தொடணும்" என்றார் சகாயராஜ்.

சற்றே முறைத்த கோபி, பின் தலைதாழ்த்தி மாமனுக்கே வெற்றியென ஒப்பினான். வாகை சூடிய வீரன், ஈரத் துண்டே பொன்னாடையாக, புறமுதுகிடும் புளியமரங்களினூடே பேருந்தென்னும் பெருந்தேரில் ஜன்னலோரம் அமர்ந்து, எதிர்ப்பட்ட லாரிகளெல்லாம் தன்னை வணங்கி விலகுவதாய்க் கருதித் திண்டிவன மாநகர் புகுந்தான்.

மறுநாள் கையைத் தூக்க முடியவில்லை. அம்சாதான் சட்டை மாட்டிவிட்டாள்.