முத்திரை விழுந்த எலி

யுத்த காலம். உலகத்தில் எந்த மூலையில் குண்டு விழுந்தாலும் எங்கள் திருச்சுழிக்காரன்தான் பெர்மிட் வாங்க வேண்டும். காரில் ஏறக்கூட, ஏறுகிற உருப்படிகளின் பட்டியலோடு ஒரு பெர்மிட்.

எலிசபெத்துக்கு அருப்புக்கோட்டை சர்க்கார் தானியக் கிட்டங்கியில் மேற்பார்வை வேலை கிடைத்திருந்தது. மூன்று வருஷம் அலைந்து வாங்கிய வேலை. சாயங்காலம் ஐந்து மணிக்குள் சேராவிட்டால் ரத்து. அவளுக்கென்று இருந்தவை இரண்டு பூனைகள். விட்டுப் போக மனசு வரவில்லை. இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு வேதமுத்துவின் வாடகைக் காரில் ஏறினாள். பெட்ரோல் பஞ்சத்தில் அடுப்புக்கரி போட்டு ஓட்டிய கார் அது. ஏற்றத்தில் இருமும், இறக்கத்தில் தும்மும்.

அருப்புக்கோட்டை எல்லையில் சோதனை அதிகாரி வீரபத்திரன் எலிசபெத்தை மட்டும் இறங்கச் சொல்லி, பெர்மிட்டை வாங்கிப் படித்தார். திருச்சுழி குமாஸ்தா 'எலிசபெத்து' என்று ஒழுங்காகத்தான் எழுதியிருந்தார். ஆபீஸ் முத்திரைதான் 'சபெத்து' மேல் அப்பிக்கொண்டுவிட்டது.

"கிட்டங்கி மேற்பார்வைக்கு எலி ஒண்ணு, கூடப் பூனை ரெண்டு. பூனை இருக்கு. எலி எங்க?"

"நாந்தாய்யா எலி!"

"இம்புட்டு உசரத்துல எலி உண்டாம்மா? வழியில பூனை தின்னுருச்சுன்னு ஒத்துக்கோங்க. சர்க்கார் எலி. தின்னது பூனையா இருந்தாலும் வளத்தவுகளுக்குத்தான் ஜெயிலு."

வேதமுத்து குறுக்கே வந்தான். "ஐயா, அவுக பேரு எலிசபெத்து."

"முத்திரைக்கு அடியில இருக்கறதப் படிக்க எனக்கு அதிகாரமில்ல."

மணி நாலரை. வேதமுத்து கம்பங்காட்டுக்குள் பாய்ந்தான். வரப்பு வளையைத் தோண்டி, கொழுத்த எலி ஒன்றைத் தூக்குவாளியில் போட்டுக்கொண்டு வந்தான். அதிகாரி மூடியைத் திறந்து பார்த்தார். முகம் மலர்ந்தது.

"இதைத்தானம்மா அப்பயிருந்து கேக்கேன்!"

எலிசபெத்து காரில் காலை வைத்தாள்.

"நீங்க எங்க ஏறுறீக? எலி ஒண்ணு, பூனை ரெண்டு. கணக்கு சரியாப் போச்சு. நீங்க யாரு?"

அவள் வாயைத் திறப்பதற்குள் வேதமுத்துவை அதட்டினார். "கெளப்புய்யா! எலி அஞ்சு மணிக்குள்ள வேலையில சேரணும்ல!"

கார் தும்மிக்கொண்டே போய்விட்டது. எலிசபெத்து வெயிலில் ஓடியும் நடந்தும் கிட்டங்கிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்தே கால். மேலாளர் சௌந்தரபாண்டியன் எழுந்து நின்று வருத்தம் தெரிவித்தார்.

"எலி நாலு அம்பதுக்கே வந்துருச்சும்மா. பெர்மிட்டும் பொருந்திப் போச்சு. சேத்தாச்சு."

"என் பூனைகளையாச்சும் குடுங்கய்யா!"

"தாராளமாக் கூட்டிட்டுப் போங்க. மேற்பார்வையாளர் இருக்குற எடத்துல பூனை இருக்கப்படாதுன்னு இப்பத்தான் உத்தரவு போட்டேன்."

அடுத்த மாதம் அந்தக் கிட்டங்கியிலிருந்து வந்த ரேஷன் அரிசி பாதியாகக் குறைந்தது. ஊரே கொதித்துப்போனோம். இருநூறு பேர் கையெழுத்துப் போட்டு மேலிடத்துக்கு மனு அனுப்பினோம். அந்த எலியை வேலையிலிருந்து நீக்கச் சொல்லி அல்ல. எங்கள் வீட்டு எலிகளுக்கும் அங்கே ஆளுக்கொரு வேலை போட்டுத் தரும்படி.