எந்த அம்மா வந்திருக்காங்க?

ஷார்ஜா முவைலாவில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தில் ஒரு குழந்தை தும்மினால், அதைப் பெற்றவர்களுக்கு முன்பே சேஃப்டி சாருக்குத் தெரிந்துவிடும்.

கட்டுமான சைட் ஒன்றில் அவர் பாதுகாப்பு அதிகாரி. பகலெல்லாம் ஹெல்மெட் போடாதவர்களைத் துரத்துவார். மாலையில் வீடு திரும்பி, மூக்கு ஒழுகுபவர்களைத் துரத்துவார். அவருக்குக் குழந்தை இல்லை. ஆனால் கட்டடத்தின் பதினேழு குழந்தைகளுக்கும் அடுத்த தடுப்பூசி எப்போது என்பது அவருக்குத்தான் தெரியும்.

பிறந்தநாள் கேக்கில் மெழுகுவர்த்தியை ஊத விடமாட்டார். எச்சில் தெறிக்குமாம். என் மகன் தன் ஐந்தாவது பிறந்தநாளில் காகிதத் தட்டால் விசிறித்தான் அணைத்தான். ஏழாவது விசிறலில் கிரீம் பறந்து என் சட்டையில் விழுந்தது. சேஃப்டி சார் அதைச் சிறு விபத்து என்று வகைப்படுத்தினார்.

ஒருநாள் லிஃப்டில் இரண்டாம் மாடி செல்வி அவரிடம், வீட்டுக்கு அம்மா வந்திருக்காங்க என்று சொல்லிவிட்டாள்.

"காய்ச்சல் இருக்கா?"

"லேசா இருக்கு சார்."

"எப்பப் போவாங்க?"

"மூணு மாசம் இருப்பாங்க."

மூன்று மாதம் தங்கும் அம்மையை மருத்துவ உலகம் கண்டதில்லை. சேஃப்டி சார் கண்டார். அரை மணி நேரத்தில் செல்வி வீட்டு வாசலின் குறுக்கே சைட்டில் கட்டும் மஞ்சள் டேப் கட்டப்பட்டது. விசிட் விசாவில் தர்மபுரியிலிருந்து வந்திருந்த செல்வியின் அம்மா கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "ஏம்மா, இங்க கொலை கிலை எதுனா விழுந்துடுச்சா?" என்று கேட்டார்.

அப்புறம் ஒரு மாதம் கட்டடத்துக்கு வேறு வேலை இல்லை. எங்க வீட்டுக்கு மாமியார் வர்றாங்க, எத்தனை மீட்டர் டேப் வேணும் என்று அவரை நிறுத்திக் கேட்டார்கள். நானும் கேட்டேன். சேஃப்டி சார் யாரையும் விசாரிப்பதை விட்டுவிட்டார். அவர் காது படத் தும்மிப் பார்த்தோம். திரும்பவில்லை.

மூன்றாம் மாடி யாழினிக்குப் பத்து வயது. சிறுநீரகக் கோளாறுக்கு மருந்து சாப்பிடுகிறாள். அந்த மருந்து நிற்கும்வரை அம்மைத் தடுப்பூசி போட முடியாது, அம்மை வந்தால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். தினமும் மாலை கணக்கு படிக்க முதல் மாடியில் என் மனைவியிடம் வருவாள்.

ஒருநாள் மாலை என் மகனின் முதுகில் நாலு கொப்புளம். அந்த நோயின் பெயரை என் மனைவி வாயால் சொல்லமாட்டாள், எழுதவும் மாட்டாள். எனக்கு போன் செய்துவிட்டு, கட்டடத்தின் வாட்ஸ்அப் குழுவில் எச்சரிக்கை போட்டாள்: 'எங்க வீட்டுக்கு அம்மா வந்திருக்காங்க.' போனை வைத்துவிட்டு வேப்பிலை தேடப் போனாள்.

குழுவில் வரவேற்பு குவிந்தது. எள்ளுருண்டை வந்ததா என்று ஒருவர் விசாரித்தார். யாழினியின் அம்மா கேசரி கிளறி, மகளிடம் கொடுத்தனுப்பினாள்.

ஆபீஸில் என் போன் அடித்தது. சேஃப்டி சார்.

"தப்பா நினைக்காதீங்க சார். சிரிச்சாலும் பரவால்ல. எந்த அம்மா?"

"மாரியம்மா," என்றேன்.

போன் துண்டிக்கப்பட்டது. மற்றதை யாழினி சொல்லித்தான் தெரியும். லிஃப்டுக்குக் காத்திராமல் ஐந்தாம் மாடி வீட்டிலிருந்து படிகளில் ஓடிவந்திருக்கிறார். எங்கள் வாசலில் ஒரு கையில் கேசரியோடு, மறு கையால் பெல்லை எட்டிக்கொண்டிருந்தாள் அவள்.

"அடிக்காத கண்ணு. அப்படியே மேல வந்துடு."

மூன்று வாரம் யாழினியின் அம்மா தினமும் மகளின் உடம்பைத் தடவித் தடவிப் பார்த்தாள். ஒரு கொப்புளம்கூட வரவில்லை.

அந்த மூன்று வாரமும் யாழினிக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தவர் சேஃப்டி சார். பின்னங்களைப் பற்றி அவருக்குச் சொந்தக் கருத்துகள் இருந்தன. கணக்குப் பரீட்சையில் தொண்ணூறுக்குக் குறையாத பெண் ஐம்பத்தெட்டு வாங்கினாள். அந்த விடைத்தாளை அவள் அம்மா நேராக அவரிடம் எடுத்துப்போய், பெற்றோர் கையெழுத்து என்று போட்டிருந்த இடத்தைக் காட்டி, நீங்களே போடுங்க சார் என்றாள்.

யார் தொட்ட பேனா என்று விசாரித்துவிட்டு, அதைத் துடைத்தார். துடைத்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று.