நாலு குழி

கணினிப் பெட்டிக்குள் நினைவகம் செருக இரண்டே குழிதான் இருக்கிறது என்று ஸெப்போ சொன்னதும் எய்னோவுக்கு எரிச்சல் வந்தது.

"நாலு இருக்கும். நல்லாப் பாருப்பா, உனக்குத்தான் கண்ணு இருக்கே."

எய்னோவுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. திரையில் இருப்பதைக் கணினி வாய்விட்டுப் படிக்கும். டாக்டர்கள் பேசிப் பதிவுசெய்ததைக் கேட்டு அவர் தட்டச்சு செய்வார். காலையில் வீட்டிலிருந்தபடியே அலுவலகத்துக்குள் இணைந்தால் சாயங்காலம்வரை அதே குரல்தான். இரண்டு மாதமாக அந்தக் குரல் திக்கித் திணறியது. வெள்ளிக்கிழமைக்குள் வேகம் வராவிட்டால் ஆளை மாற்றுவோம் என்று மேலாளர் எழுதிவிட்டார். ஐம்பத்தெட்டு வயதில், வடகோடி ஊலு நகரத்தில், இந்த நவம்பர் இருட்டில், வேறு எவன் வேலை தருவான்?

நினைவகம் கூட்டினால் சரியாகும் என்றார்கள். எய்னோ எதையும் விசாரிக்காமல் வாங்குகிற ஆளா என்ன? வேலைக்கு நடுவிலேயே, பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லும் மென்பொருளை ஓட்டிக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டார். மூன்றாம் தலைமுறை நினைவகம், நாலு குழி, ஒன்று காலி, வயது பதினொன்று.

வாங்கி இரண்டு வருஷம்கூட ஆகவில்லையே! பழசைத் தலையில் கட்டிவிட்டீர்கள் என்று விற்ற கடைக்காரியைத் தொலைபேசியில் வாங்கு வாங்கென்று வாங்கினார். கேட்ட விவரத்துக்கு ஏற்ற நினைவகப் பட்டையை வேறு கடையில் வாங்கினார். வியாழக்கிழமை, பக்கத்து வீட்டு ஸெப்போவைக் கூப்பிட்டார். ஸெப்போ ஓய்வுபெற்ற பஸ் மெக்கானிக்.

பட்டை குழியில் இறங்கவில்லை. எய்னோ தடவிப் பார்த்தார். பட்டையின் வெட்டு ஓரிடத்தில் இருந்தது, குழியின் மேடு வேறிடத்தில் இருந்தது. விரல் வேண்டாம் என்றது. ஆனால் அவர் காதை நம்பியே காலம் தள்ளியவர்.

"அழுத்துப்பா."

ஸெப்போ அழுத்தினார். சடக்கென்று சத்தம் கேட்டது.

"உள்ள போயிடுச்சா?"

"பாதி போச்சு. மீதி என் கையில இருக்கு."

அதன்பிறகு கணினி வாயே திறக்கவில்லை. ஸெப்போ மெதுவாகக் காப்பி போடப் போய்விட்டார்.

எய்னோ அலுவலகக் கணினிப் பிரிவின் ரித்வாவை அழைத்தார். நடந்ததைச் சொன்னார். மனப்பாடம் செய்ததையும் ஒப்பித்தார். அவள் அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். பிறகு அவள் தன் கணினியில் எதையோ தட்டிப் பார்ப்பது கேட்டது.

"எய்னோ சார், நீங்க கேட்டது உங்க பெட்டியோட விவரம் இல்ல. எங்களோட இணைஞ்சிருந்தப்ப ஓட்டினீங்க இல்லையா, இது எங்க ஆபீஸ் கீழ்த்தளத்துல இருக்கிற பெட்டி. எல்லாரும் அதுக்குள்ள வந்துதான் வேலை பாக்கறீங்க." அவள் குரல் இறங்கியது. "மெதுவா ஓடினது அதுதான்னு தெரியாம, வேகம் இல்லன்னு போன மாசம் மூணு பேரை வேலையை விட்டு அனுப்பிட்டோமே."