நான் மாட்டிய மோட்டர்

வீட்டில் நீச்சல் குளம் இருந்தால் அந்த வீட்டுக்காரர்களுக்கு நீந்தத் தெரியும் என்று ஊர் நினைத்துக்கொள்கிறது. எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. கம்பளையில் புடவைக்கடை வைத்திருந்த அப்பா, கண்டிக்கு மேலே ஹந்தானைச் சரிவில் ஒரு பழைய வீட்டை வாங்கினார். குளம் வீட்டோடு வந்தது. புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்து லயத்து அறையில் பிறந்து, மலையிலிருந்து வரும் பீலித் தண்ணிக்கு வரிசையில் நின்று வளர்ந்த மனுஷன் அவர். வருகிறவர்களைக் கதிரையில் உட்காரவைக்கும் முன்பே பின்பக்கம் கூட்டிக்கொண்டுபோய்க் குளத்தைக் காட்டுவார். "நம்ம வீட்டுது" என்பார், யாரோ இல்லையென்று சண்டைக்கு வந்த மாதிரி.

எனக்குக் கல்யாணப் பேச்சு வந்ததும் அந்த வீட்டில்தான். என்னோடு வங்கியில் வேலை செய்த குகன் யாழ்ப்பாணத்துக்காரர். நாங்கள் இரண்டு பேரும் முடிவெடுத்து ரொம்ப நாளாகியிருந்தது. அவருடைய அம்மாவும் சம்மதித்துவிட்டார். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபரான அவருடைய அப்பா மட்டும், "வந்து பாத்திட்டுச் சொல்லுறன்" என்றிருந்தார். மலைநாட்டுப் பெண் நமக்குச் சரிவருமா என்று யாரோ சொந்தக்காரர் வேறு அவர் காதில் ஓதியிருந்தாராம். எனக்கு வந்த ரோஷத்துக்கு அளவே இல்லை. வரட்டும், பார்க்கட்டும் என்றிருந்தேன்.

அவர்கள் வரவிருந்த வாரம் பார்த்துக் குளத்து மோட்டர் செத்துப்போனது. தண்ணீரைச் சுற்றவிட்டுச் சுத்தம் செய்ய ஆளில்லாமல் குளம் வல்லாரைச் சம்பல் நிறத்துக்கு வந்துவிட்டது.

"மோட்டர் மாட்டுற பாஸ் ஒருத்தரக் கூப்பிட்டு மாத்திருவோங்க" என்றார் அம்மா, அப்பாவிடம்.

"எதுக்கும்மா பாஸு? நாலு ஆணி, ரெண்டு பைப்பு. நானே மாத்துறேன்" என்றேன் நான். (இன்டர்நெட்டில் சில வீடியோக்கள் பார்த்திருந்தேன். எல்லாவற்றிலும் ஒரு வெள்ளைக்காரர் சட்டைகூட நனையாமல் வேலையை முடித்துவிட்டுச் சிரிப்பார்.)

அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "எம் மக படிச்ச புள்ள. மாத்துவா" என்று கடையில் புடவை எடுக்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டார்.

அவர்கள் வரவிருந்த ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் வேலையைத் தொடங்கினேன். பழைய மோட்டரைக் கழற்றியதும், புதியதை நட்டுப் போட்டு இறுக்கியதும் சுலபமாகத்தான் இருந்தது. அப்புறம்தான் தெரிந்தது, புது மோட்டரின் வாய் பழையதைவிட உயரத்தில் இருக்கிறது. பைப்பை வெட்டினேன். வளைவு ஒன்று வைத்தேன். அது கோணலாக நின்றது. திரும்ப வெட்டினேன். பைப் ஒட்டும் கம் பூசி, எல்லாவற்றையும் பொருத்தி நிமிர்ந்தபோது பின்னேரமாகியிருந்தது. கம் டப்பாவில், மறுநாள் வரை காயவிடும்படி எழுதியிருந்தது. அதனாலென்ன, காயட்டும், நாளைக்குப் போடலாம் என்று குளித்துப் பட்டுச் சேலை கட்டிக்கொண்டேன்.

அவர்கள் வந்தார்கள். அதிபர் ஐயா தும்பைப்பூ வேட்டியில் விறைப்பாக இறங்கினார். வழக்கம்போல அப்பா எல்லாரையும் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

அங்கே போனால், மோட்டருக்குச் சந்தனம், குங்குமம், செவ்வந்தி மாலை! கீழே எலுமிச்சம்பழம். பக்கத்தில் தேங்காய். அம்மா கையில் கற்பூரத் தட்டு. கடையில் புதுத் தையல் மெஷின் வந்தாலும் இப்படித்தான் பூசை போடுவார்கள். ஆனால் நான் இதை எதிர்பார்க்கவில்லை.

"அப்பா, கம்மு காயல. நாளைக்குத்தான் போடணும்" என்று காதில் சொன்னேன்.

"நாளைக்குக் கரிநாளும்மா. இன்னைக்கும் நாலரைக்கு ராகு காலம் வந்துரும். இப்பவே போட்ரணும்."

அந்த இடத்தில் நான் முடியாது என்றிருக்க வேண்டும். ஆனால் அதிபர் ஐயா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். காயாத கம்மோடு மோட்டர் மாட்டியவள் என்று அவர் நினைத்துவிட்டால்? கம்மை விரலால் தொட்டுப் பார்த்தேன். கையில் ஒட்டவில்லை. "போடலாம், ஒண்ணும் ஆகாது" என்றேன். (அடிப்பாவி!)

அப்பா தேங்காயை உடைத்தார். மரியாதைக்குக் குகனுடைய அம்மாவைக் கூப்பிட்டு, "நீங்கதான் உங்க கையால சுவிட்சப் போடணும்" என்றார். அவர் வெட்கத்தோடு போட்டார். மோட்டர் இரைந்தது. எல்லாரும் கைதட்டினோம்.

அடுத்த நிமிஷம் வளைவு டப்பென்று கழன்று பறந்தது. மனுஷத் தொடை பருமனுக்குப் பச்சைத் தண்ணீர் எழும்பிப்போய் நேரே அதிபர் ஐயாவின் நெஞ்சில் அடித்தது. அவர் நகரவும் இல்லை. நகர்ந்தால் மரியாதையில்லை என்று நினைத்தாரோ என்னவோ!

"சுவிட்ச நிப்பாட்டுங்க!" என்று கத்தினேன்.

"ஐயோ, கை ஈரம், கரண்ட் அடிக்கும். நான் தொடமாட்டன்!" என்று குகனுடைய அம்மா கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

நான் பட்டுச் சேலையோடு பாய்ந்து பைப்பைக் கட்டிப்பிடித்தேன். மெயின் சுவிட்சை நிறுத்த ஓடிய அப்பா வழுக்கிக் குளத்துக்குள் விழுந்தார். "காப்பாத்துங்க!" என்று அலறினார். குகன் காலில் போட்ட சப்பாத்தோடு குதித்தார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒருவரையொருவர் காப்பாற்றினார்கள். பிறகுதான் தண்ணீர் இடுப்பளவு என்று கண்டுபிடித்தார்கள். அதற்குள் அம்மா உள்ளே போய் மெயினை நிறுத்திவிட்டார்.

அதிபர் ஐயாவின் மீசையிலிருந்து பாசி தொங்கியது.

"இதை ஆர் பூட்டினது?" என்றார்.

"பாஸ் ஒருத்தர்..." என்று அம்மா ஆரம்பித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. கல்யாணம் போனால் போகட்டும், நாள் முழுக்க நான் முறிந்து செய்த வேலையை இன்னொருவன் பெயரில் எழுதுவதா?

"நான்தாங்க மாட்டினேன். மோட்டர்ல ஒரு பிழையுமில்ல. கம்மு காயல. அது தெரிஞ்சும் போட்டேன்."

அவர் குனிந்து மோட்டரைப் பார்த்தார். நட்டுகளை ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. வேட்டியை மடித்துக் கட்டினார்.

"நல்லா இறுக்கியிருக்கிறீர் பிள்ளை. பைப் வெட்டிற வாள் எங்க? வெட்டி ஒட்டுவம். நான் பிடிக்கிறன்."

ராகு காலத்தில், இரண்டு பேரும் நனைந்த கோலத்தில், வெட்டி ஒட்டினோம். அப்பாவின் சாரத்தைக் கட்டிக்கொண்டு அவர் இரவு எங்கள் வீட்டிலேயே தங்கினார். மறுநாள், கரிநாளில், மோட்டர் ஒரு சொட்டு ஒழுகாமல் ஓடியது. (இன்றைக்கும் ஓடுகிறது. யாரும் வந்து பார்க்கலாம்.) ஊருக்குப் போக வான் வண்டியில் ஏறும்போது, "எங்கட வீட்டுக் கிணத்து மோட்டரும் கரைச்சல் குடுக்குது. கலியாணம் முடிய வந்து ஒருக்காப் பாரும்" என்றார். அதுதான் சம்மதம்! எனக்கு அழுகை வந்துவிட்டது.

யாழ்ப்பாணத்தில் கல்யாணத்தன்று மாப்பிள்ளைக்குத் தலையில் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டும் சடங்கு ஒன்று உண்டு. தோய வார்க்கிறது என்பார்கள். எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் அந்த நேரம் பார்த்து மாமி என்னை முன்னுக்கு இழுத்துவிடுவார்.

"இவதான் எங்கட மருமகள். மாப்பிள்ளையை விட்டிட்டு மாமனுக்குத் தோய வார்த்தவ."

சபை சிரிக்கும். மாமா மட்டும் சிரிக்கமாட்டார். விறைப்பாக நிமிர்ந்து உட்கார்ந்து, "ஓம். அந்த மோட்டரைப் பூட்டினதும் அவதான்" என்பார்.