சப்ஊஃபரின் உறுமலடக்கு படலம்

வாழ்க எட்வர்ட்! நெல்லறுத்த கைகளின் வழித்தோன்றலாய்ப் பிறந்து, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பி உருட்டும் ஆலையொன்றில் இருபத்திரண்டு ஆண்டுகளாக மின்பராமரிப்பு புரிந்துவரும் பெருந்தகை வாழ்க! எவன் காலடி ஓசை கேட்டால் நானூறு குதிரைத்திறன் மோட்டாரும் நடுக்கம் தீர்ந்து ஒழுங்காய்ச் சுழலுமோ, எவன் சட்டைப்பையில் டெஸ்டர் உறையிலிட்ட வாளெனக் குடியிருக்குமோ, அத்தகைய மாவீரனை முழங்கால் உயரமே உள்ள மரப்பெட்டி ஒன்று நான்கு மாதம் அலைக்கழித்த வரலாற்றைச் சொல்லப் புகுந்தோம். கேட்போர் பொறுத்தருள்க.

அப்பெட்டியின் பெயர் சப்ஊஃபர். கிறிஸ்துமஸுக்கு எட்வர்ட் வாங்கி வந்த ஹோம் தியேட்டரில் இடியும் முரசும் பிறக்க வேண்டிய அடிநாதக் குகை அது. ஆனால் குகைக்குள் புகுந்திருந்ததோ வேறொன்று. பாட்டு ஓடினாலும் 'உம்ம்ம்', நிறுத்தினாலும் 'உம்ம்ம்', குடும்ப ஜெபத்தில் எல்லோரும் ஆமென் சொல்லி முடித்த பிறகும் தனியாக ஒரு 'உம்ம்ம்'. பிளக்கைப் பிடுங்கினால் மட்டுமே அது அடங்கியது.

ஈஸ்டர் விருந்துக்கு வந்தான் தாவீது. எட்வர்டின் மனையாள் ஏஞ்சலினுக்கு உடன்பிறந்த தம்பி, காக்களூர்ப் பட்டறைக்காரன், கேலியில் வல்லவன். ஒரு நிமிடம் காதுகொடுத்துக் கேட்டுவிட்டு அவன் எய்த சொல் இது: "இன்னா மாமா, பகலெல்லாம் மில்லுல கீற, ஊட்லயும் மில்லு ஓட்டிக்கினு கீறியா?"

எட்வர்டுக்கு அவமானமாக இருந்தது. ஊரார் மோட்டாரையெல்லாம் குணப்படுத்துகிறவன் வீட்டுப் பெட்டிக்கு வாய்க்கட்டு போட முடியவில்லையே! அவன் கலங்கி நின்ற வேளையில் ஏஞ்சலின் அரசாணை பிறப்பித்தாள்: "அடுத்த ஞாயித்துக்கெழம தம்பி திரும்பி வர்றான். அதுக்குள்ள இது வாய மூடலன்னா பொட்டி பரணுக்குப் போவும், அந்த மூலைக்கு வாஷிங் மெஷினு வரும். நான் சொல்ட்டேன்."

அந்த ஞாயிறும் வந்தது. முதல் ஆராதனை முடிந்து வீடு திரும்பியதும், வேட்டியை மடித்துக் கட்டி, வீரன் களம் புகுந்தான். சுழலுகின்ற எதையும் ஸ்க்ரூடிரைவரைக் காதில் ஊன்றிக் கேட்டே நோயறிவது ஆலை வழக்கம். ஆகவே முனையைப் பெட்டியிலும் பிடியைக் காதிலும் பொருத்தி, கண்மூடி, மூச்சடக்கி, பேரிங் தேய்ந்த ஓசையைத் தேடினான். சப்ஊஃபருக்குள் பேரிங் கிடையாது என்பது கால்மணி நேரம் கழித்தே அவன் நினைவுக்கு வந்தது.

அடுத்து அஸ்திவாரத்தைச் சந்தேகித்தான். பழைய கன்வேயர் பெல்ட்டை நான்கு துண்டாக அறுத்துப் பெட்டிக்கு அடியில் பாய்போல் விரித்தான். உறுமல் பாயில் சுகமாக உட்கார்ந்து தொடர்ந்தது. புது வயர் மாற்றினான். பெட்டியைக் கிழக்கு மூலையிலிருந்து மேற்கு மூலைக்கும், மேற்கிலிருந்து கிழக்கிற்கும் நாடு கடத்தினான். பிளேயரை அதட்டினான், டிவியை முறைத்தான். மணி பன்னிரண்டு ஆனது. அடுப்பங்கரையில் பிரியாணிக்குத் தம் போட்டாயிற்று, உறுமலுக்கு மட்டும் ஒரு மூடி கிடைக்கவில்லை.

இறுதியில் தன் குலாயுதத்தை எடுத்தான். ஆலையில் மோட்டார் ஒவ்வொன்றுக்கும், கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்க, இரண்டு எர்த் வேண்டும் என்பது சட்டம். அச்சட்டத்தை உயிரெனக் காத்தவன் எட்வர்ட். ஆகையால் பெட்டி வீட்டுக்கு வந்த அன்றே, பிளக்கில் உள்ள எர்த் போதாதென்று, கொல்லையில் குழி தோண்டி, குழாய் இறக்கி, உப்பும் கரியும் இட்டு, அங்கிருந்து பச்சை வயரொன்றை ஜன்னல் வழியாக இழுத்து வந்து சப்ஊஃபரின் முதுகில் முடுக்கியிருந்தான். அந்த எர்த்தில்தான் வலுக் குறைந்துவிட்டது என்று இப்போது தீர்மானித்து, குழியில் ஒரு படி உப்பைக் கொட்டி மூன்று குடம் தண்ணீர் ஊற்றினான். உறுமல் இருமடங்காயிற்று. மூன்றாவது எர்த் போடுவதென்று சபதமேற்று அவன் கடப்பாரையோடு மண்ணில் இறங்கினான்.

உள்ளே ஏஞ்சலின் கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஆலைப்பக்கத்துக் கரித்தூசி ஜன்னல் வழியாக வந்து, துடைத்த தரையில் மறுபடி படிந்தது. மூடலாம் என்றால் பச்சை வயர் குறுக்கே கிடந்தது. "கெஸ்ட்டு வர்ற நேரத்துல பேஜாரு" என்றபடி ஓர் இழுப்பு இழுத்தாள். வயர் கையோடு வந்தது.

பெட்டி வாயை மூடியது.

அந்த அமைதியைக் கொல்லையில் நின்றே கேட்டான் எட்வர்ட். ஓடிவந்தான், அவள் கையில் வயரைக் கண்டான், கண்டதும் புரிந்துகொண்டான். பிளக்கின் எர்த்துக்கும் குழியின் எர்த்துக்கும் நடுவில் கரண்ட் வட்டமடித்ததுதான் அத்தனை உறுமலும். நான்கு மாதம் அவன் போரிட்ட பகைவனைப் பெற்று வளர்த்தது அவனே.

"இது இல்லன்னாலும் ஓடுமா?" என்றாள் ஏஞ்சலின்.

"இது இல்லன்னாதான் ஓடும்" என்றான் அவன், தரையைப் பார்த்தபடி.

"அப்போ வெளியவே கெடக்கட்டும்" என்று வயரைக் கொல்லைப்பக்கம் தள்ளி ஜன்னலை மூடினாள்.

ஒரு மணிக்குத் தாவீது வந்தான். பின்னால் அவன் மனைவி, தோளில் மூன்று மாதக் குழந்தையோடு. கூடத்தில் நின்று காதைத் தீட்டிய தாவீது கேட்டான்: "பொட்டி ஆஃப்ல கீதா மாமா?"

"ஆன்லதான் கீது மச்சான்!" என்று திசையெட்டும் அதிர முழங்கினான் எட்வர்ட். "எர்த்துல கோளாறு. கண்டுபுட்சி எடுத்தாச்சி."

யார் எடுத்தது என்று ஏஞ்சலின் சொல்லவில்லை. தட்டுகளை அடுக்கிக்கொண்டே ஒரு முறை அவனைப் பார்த்தாள், அவ்வளவுதான். அதற்காகவே அந்த நொடியில் அவள்மேல் அவனுக்கு அளவற்ற அன்பு பொங்கியது.

பின்பு, நான்கு மாதத் தவத்தின் பயனையெல்லாம் ஒரு பொத்தானில் திரட்டி, இடியும் முரசும் எழுந்து கேலிக்காரன் நெஞ்சுக்கூடு குலுங்கும் திருக்காட்சியைக் காணவென்று, வாகை சூடிய வலக்கரத்தில் ரிமோட்டை விண்ணோக்கி உயர்த்தி நின்றான் மாவீரன் எட்வர்ட்.

"கொழந்த இப்பதான் கண்ணு மூடிச்சி" என்றாள் ஏஞ்சலின்.

எட்வர்ட் ரிமோட்டை டீப்பாய் மேல் வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான்.