ராஜயோகக் கடிகாரம்

பைபாஸ் ஓரத்துக் கல்யாண மண்டபத்தில் அன்று பொண்ணும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை. கூட்டம் மட்டும் ஆயிரம் பேர். குடியாத்தத்திலிருந்து இரண்டு வேன், ஆற்காட்டிலிருந்து ஒரு பஸ், காவேரிப்பாக்கத்திலிருந்து ஒரு மினி லாரி. ஆம்பூர்க்காரர்களைக் கேட்கவே வேண்டாம். உலகத்துக்கெல்லாம் ஷூ தைத்து அனுப்புகிற ஊர், தன் அறுந்த செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனது. அறிவையும் பக்கத்திலேயே கழற்றி வைத்தது. செருப்புக்காவது டோக்கன் கொடுத்தார்கள்.

உள்ளே எழுந்தருளியிருந்தவர் கிரகநாதச் சித்தர். வாயிலிருந்து லிங்கம், விரல் நுனியிலிருந்து விபூதி எல்லாம் பழைய மாடல். இவர் புது மாடல். மேடையில் ஒரு மஞ்சள் திரை, அதற்குப் பின்னால் சித்தர், அவர் முன்னால் ஒரு லேப்டாப். திரைக்கு முன்னால் ஒரு நாற்காலி. பக்தர் அதில் உட்கார்ந்தால் அவர் கையில் இருக்கும் கிரகக் கடிகாரத்தின் எண் சித்தருக்குத் தெரியும். "முகத்தைப் பார்த்துச் சொல்பவன் ஜோசியன். எண்ணைப் பார்த்துச் சொல்பவன் சித்தன்" என்று பேனர் கட்டியிருந்தார்கள்.

கடிகாரத்தில் எண்பதுக்குள் காட்டினால் பச்சை, கிரகங்கள் சாந்தம். தாண்டினால் சிவப்பு, சனி பார்க்கிறார். விலை மூன்று ரகம். ஆயிரத்து எழுநூற்று எழுபத்தேழுக்கு ஏழு கிரகம். நாலாயிரத்து எழுநூற்று எழுபத்தேழுக்கு ராகுவும் சேர்ந்து வருவார். ஏழாயிரத்து எழுநூற்று எழுபத்தேழுக்கு 'ராஜயோகம்': கேதுவும் உண்டு, பட்டை தங்க நிறம். விலை குறைந்ததை வாங்கினவனை ராகுவும் கேதுவும் அண்டவே மாட்டார்கள் என்றால் அவனல்லவா அதிர்ஷ்டக்காரன்? இதை யாரும் கேட்கவில்லை. விலை குறைந்த வரிசையில் நாலு பேர் வெட்கத்தோடு நின்றார்கள். ராஜயோக வரிசை வாசலைத் தாண்டிப் போனது.

அந்த வரிசையில் பதினெட்டாவது ஆள் கோவிந்தராஜ். ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் பிரிவில் இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். தோலை விரலால் தடவியே எங்கே ஓட்டை, எங்கே கொசுக்கடி என்று சொல்லிவிடுவார். மாட்டுத் தோலில் அவரை ஏமாற்ற ஆள் கிடையாது. தீபாவளி போனஸுக்கு அவர் மனைவி ஜோதி கிரைண்டர் கேட்டிருந்தாள். கேது வந்தார்.

அன்றிலிருந்து கோவிந்தராஜுக்கு வாழ்க்கை தெளிவாகிவிட்டது. மாடிப்படி ஏறினார், சிவப்பு. மாடியில் சனி என்று தெரிந்துகொண்டார். ஜோதியோடு கிரைண்டர் விஷயமாக வாக்குவாதம், சிவப்பு.

"பாத்தியா? நீ வாயத் தொறந்தாலே சனி பாக்கறான்!"

"படுத்துக்கினு இருந்தா பச்சையாத்தான் காட்டும். அதுக்கின்னா, வேலைக்குப் போவாம படுத்துக்கினே இருப்பியா?" என்றாள் ஜோதி.

இதுவரை சிரிப்புக்கதைதான். ஆனால் சித்தர் ஒரு கட்டளையும் போட்டிருந்தார். கடிகாரம் கட்டியவர் ரத்தக் கொதிப்பு மாத்திரை சாப்பிடக் கூடாது. கிரகத்துக்கும் டாக்டருக்கும் ஒரே நேரத்தில் அடிமையாக இருக்க முடியாதாம். அரசு ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரை அட்டைகளைக் கோவிந்தராஜ் சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்தார்.

பத்தாம் நாள் காலை, தோல் வெட்டும் மெஷின் முன்னால் நின்றபோது அவருக்குக் கண் இருட்டியது. பிடிப்பதற்கு எதுவும் கிடைக்காமல் கை முன்னால் போனது. மேலே அழுத்தும் தட்டு இறங்க ஒரு விநாடி இருந்தது. பக்கத்தில் நின்றிருந்த சங்கீதா அவர் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். தட்டு வெறும் தோலின்மேல் டொம்மென்று இறங்கியது.

சங்கீதாவின் வேலை நேரம் பார்ப்பது. ஒரு ஷூவுக்கு மேல்தோல் வெட்ட எத்தனை விநாடி, தைக்க எத்தனை விநாடி என்று கழுத்தில் ஸ்டாப்வாட்ச் மாட்டிக்கொண்டு குறிப்பாள். கம்பெனியில் அவளைக் கண்டால் யாருக்கும் பிடிக்காது. அன்று கோவிந்தராஜுக்குப் பிடித்தது.

முதலுதவி அறை நர்ஸ் ரத்த அழுத்தம் அளந்து பார்த்தாள். நூற்றுத் தொண்ணூறுக்கு நூற்றுப் பத்து.

"மாத்திரைய நிறுத்திட்டீங்களாண்ணா?"

"கெடிகாரம் பச்சை காட்டுச்சேம்மா! மயக்கம் வந்தப்பக்கூட எழுவத்தி ரெண்டு, பச்சை!"

சங்கீதா அவர் மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து ஸ்டாப்வாட்ச்சை அழுத்தினாள். ஒரு நிமிஷம். நாடி தொண்ணூற்றாறு. கடிகாரம் இன்னும் எழுபத்திரண்டிலேயே நின்றது.

"இது நாடியக் கணக்குப் பண்ற சாமானுண்ணா. அதையும் ஒழுங்காப் பண்ணல. நல்ல கம்பெனி வாட்ச்சு அதையாவது சரியா காட்டும். சனியெல்லாம் எந்த வாட்ச்சும் காட்டாது."

"உன்னுது ரெண்டு பட்டன் வெச்ச வாட்ச்சு. அது இன்னா கண்டுது?"

"செகண்டு கண்டுது. வேற ஒண்ணும் தெரியாது, தெரிஞ்ச மாதிரி பேசவும் பேசாது."

அவர் நம்பவில்லை. சங்கீதா கடிகாரத்தைக் கழற்றி, ஓரத்தில் கிடந்த பிளாஸ்டிக் பாத அச்சில் கட்டினாள். ஷூவை இழுத்து மாட்டி வடிவம் கொண்டுவருகிற அச்சு அது. கடிகாரம் சற்று யோசித்தது. எண்பத்தெட்டு. சிவப்பு.

கோவிந்தராஜ் குனிந்து அச்சைப் பார்த்தார். "ஒருவேள... பாதச்சனியா இருக்குமோ?"

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

சாயங்காலம் சங்கீதா அவரைக் கடைத்தெருவில் அதாவுல்லாவின் வாட்ச் கடைக்குக் கூட்டிப் போனாள். அதாவுல்லா கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"அட, நம்ம சாமான்! அறுநூத்தம்பதுக்கு மூணு மாசம் தொங்கவிட்டிருந்தேன். கம்மி வெலன்னா டூப்ளிகேட்டா இருக்கும்னு ஒருத்தரும் சீந்தல. ஒரு ஆளு வந்து மொத்தப் பெட்டியயும் தூக்கிக்கினு போனாரு. காட்பாடி பக்கம் சிம் கார்டு வித்துக்கினு இருந்தவரு. இப்ப எவ்வளவுக்கு விக்கறாரு?"

கோவிந்தராஜ் விலையைச் சொன்னார்.

அதாவுல்லா கடிகாரத்தை மேஜைமேல் வைத்தார். "தப்பு என்னுதுதாண்ணே. ரேட்ட ஏத்தி வெச்சிருக்கணும்."

கோவிந்தராஜுக்கு முகம் சுண்டிவிட்டது. பணம் போனதுகூடப் பெரிதில்லை. இருபத்தெட்டு வருஷமாகத் தோலைத் திருப்பிப் பார்க்காமல் ஒரு துண்டு வெட்டாதவர், ஒரு கடிகாரத்தைத் திருப்பிப் பார்க்காமல் கட்டிக்கொண்டார். அன்று இரவு மாத்திரையைப் போட்டுக்கொண்டார். மறுநாள் சங்கீதாவிடம் போய், "ஞாயித்துக்கெழம மண்டபத்துக்கு நானே போறேன். நீயும் வா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. டோக்கன் கூப்பிட்டதும் கோவிந்தராஜ் மேடை ஏறினார். மஞ்சப்பையிலிருந்து ஒரு கொழுத்த இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயை எடுத்தார். அதன் இடுப்பில் ராஜயோகத்தைக் கட்டினார். நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, கைகட்டி ஓரமாக நின்றார்.

முன்வரிசை கண்ணைக் கசக்கியது. திரைக்குப் பின்னால் மைக் கரகரத்தது.

"ம்... எண்பத்தி நாலு. சிவப்பு. மகனே, உன் ஜாதகம் சாதாரண ஜாதகம் இல்ல."

"ஆமாம் சாமி" என்றார் கோவிந்தராஜ் பணிவாக.

"முள்ளு மேல வாழ்ற வாழ்க்கை உன்னுது."

முன்வரிசையில் ஒரு அம்மாள் 'க்ளுக்' என்றாள். டோக்கன் கொடுப்பவன் மேடைப் பக்கம் ஓடி வந்தான். நெசவுக்காரர் ஒருவர் அவன் வேட்டியைப் பிடித்து உட்கார வைத்தார். "இருப்பா, சாமி பேசறாரு. கேப்போம்."

"தலையில எப்பவும் ஒரு பாரம். கூடப் பொறந்தவங்களோட ஒரே கூட்டமா இருந்தே. இப்ப தனியா வந்துட்டே."

"மூணு கிலோ கூட்டம் சாமி!" என்று யாரோ கத்தினார்கள். மண்டபம் குலுங்கியது. பக்தி முற்றிவிட்டது என்று நினைத்துச் சித்தர் குரலை உயர்த்தினார்.

"பயப்படாதே! பரிகாரம் இருக்கு. வர்ற சனிக்கிழமை, நல்லெண்ணெயில நல்லா முழுகணும்!"

அவ்வளவுதான். ஆயிரம் பேரும் எழுந்து நின்று சிரித்தார்கள். "புளியும் ஊத்தணுமா சாமி?" என்றது ஒரு குரல். "பிரியாணி யாரு செலவு?" என்றது இன்னொன்று.

சங்கீதா மேடையேறித் திரையை இழுத்தாள். சித்தர் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கினார். நாற்காலியில் வீற்றிருந்த பக்தரைப் பார்த்தார். பக்தர் அசையவில்லை.

ஆனாலும் தொழில் தெரிந்தவர். "ஏன், கத்தரிக்காய்க்கும் கிரகம் உண்டம்மா!"

"இருக்கட்டும். அதுக்கு ரத்தக் கொதிப்பும் உண்டா? இவரு உங்க பேச்சக் கேட்டு மாத்திரைய நிறுத்தினாரு. ஒரு செகண்டு தப்பியிருந்தா கை போயிருக்கும். அறுநூத்தம்பது ரூபா வாட்ச்சு அதாவுல்லா பாய் கடையில தொங்குச்சு. அத வாங்கி இங்க எத்தினி பேரோட மாத்திரையப் புடுங்கினீங்க?"

சிரிப்பு நின்றது. கூட்டத்தில் ஒரு கை உயர்ந்தது. இன்னொன்று. பின்வரிசையில் மூன்று. அவசரமாகக் கடிகாரங்கள் கழன்றன. சித்தர் மேடையின் பின்வாசல் வழியாகச் சமையல்கட்டுக்குள் இறங்கினார். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பெண்கள் வழியை விடவில்லை. போலீஸ் வரும்வரை அவர் அங்கேயே அண்டா ஓரம் உட்கார்ந்திருந்தார்.

கோவிந்தராஜ் கத்தரிக்காயிலிருந்து கடிகாரத்தை அவிழ்த்தபோது ஒருவர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். கையில் கர்ச்சீஃப், கண்ணில் நீர்.

"அண்ணே, போலிச் சாமிய வெரட்டின கத்தரிக்கா... கொஞ்சம் குடுங்க, கண்ணுல ஒத்திக்கறேன். என்ன விலையானாலும் பரவால்ல."

சங்கீதா தலையில் அடித்துக்கொண்டாள்.

மணிக்கட்டில் கட்ட ஆயிரம் ரகம் கடையில் கிடைக்கும். விலையைப் பார்த்து வாங்கலாம். கழுத்துக்கு மேல் ஒன்று எல்லோருக்கும் இலவசமாகவே கிடைத்திருக்கிறது. காசு கொடுக்காமல் வந்தது என்பதால்தானா ஐயா, அதை இன்னும் யாரும் பயன்படுத்திப் பார்க்கவில்லை?