பனிமூட்டத்துக்கு நேரம் குறித்தவர்

நேரத்தைத் துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வேலையை எழுதி வைத்து, அதில் ஒன்றைக்கூட எழுதியபடி முடிக்காமல் வாழ்ந்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர் உண்டென்றால், அது எங்கள் டைம்டேபிள் அண்ணன்தான்.

ஐம்பதுகளில் நுவரெலியா பஜாரில் அவர் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். நான் பக்கத்துக் கடையில் சம்பளத்துக்கு நின்று விதைக்கிழங்கும் உரமும் விற்றுக்கொண்டிருந்தேன். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கும். தெருவில் யாரும் கேட்டதில்லை.

பழுதாய்ப்போன படங்களின் பின்பக்கத்தில் அன்றன்றைய வேலைகளை எழுதிக் கோட்டுப் பையில் வைத்துக்கொள்வார். ஒருநாள் வாங்கிப் பார்த்தேன். 'ஐந்து நாற்பது: எழும்புதல். ஐந்து நாற்பத்தைந்து: எழும்பிவிட்டேனா என்று பார்த்தல்.' கொஞ்சம் கீழே, 'ஒன்பது முதல் ஒன்பதே கால் வரை: கவலைப்படுதல்.'

"என்னண்ணே இது, கவலைக்குமா நேரம்?"

"ஒதுக்காம விட்டா நாள் பூரா படவேண்டியிருக்கு தம்பி."

ஒதுக்கிய பிறகும் நாள் பூராவும்தான் பட்டார். பகல் சோற்றுக்கு எழுதிய அரை மணியையும் கவலையே தின்றுவிடும்.

அவரையும் குற்றம் சொல்ல முடியாது. ஸ்டூடியோவுக்குக் கண்ணாடிக் கூரை. அதன் வழியாக விழுகிற பகல் வெளிச்சத்தில்தான் படம் எடுக்கவேண்டும். நுவரெலியா மூடுபனியோ யாருடைய பட்டியலையும் படிப்பதில்லை. அது இறங்கிவிட்டால் வாசலில் நின்று இரண்டு கையையும் வீசி, "யன்ன! யன்ன!" என்று சிங்களத்தில் விரட்டுவார். "தமிழ்ல போன்னு சொல்லிப் பாத்துட்டேன் தம்பி, கேக்க மாட்டேங்குது."

ஒரு கல்யாண ஜோடியை உட்காரவைத்து, "பத்து இருபதுக்குத்தான் வெளிச்சம் சரியா விழும். அதுக்கு முன்னாடி சிரிச்சுத் தீத்துடாதீங்க" என்று கண்டித்தார். மாப்பிள்ளை பயந்து போய்ச் சிரிப்பை அடக்கி அடக்கி, பத்து இருபதுக்கு அழுகிற முகத்தோடு இருந்தார். படத்தில் பெண்ணைக் கட்டாயப்படுத்திக் கொடுத்தமாதிரி இல்லை, மாப்பிள்ளையைப் பிடித்துக் கொடுத்தமாதிரி இருந்தது.

இவ்வளவும் சிரிக்கிற கதை. அந்த வெள்ளிக்கிழமை மட்டும் யாரும் சிரிக்கவில்லை.

அன்று பட்டியலில் ஒரே வேலைக்குச் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார். பதினொரு மணிக்குத் தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவில் குடும்பப் படம். அந்தத் துரைக்குப் படம் பிடித்துப்போனால் சுற்றியுள்ள தோட்டத்து வேலையெல்லாம் இவர் கைக்கு வரும். விடியும்போதே கோட்டை மாட்டிக்கொண்டு உலாத்தினார்.

பத்தே முக்காலுக்கு, நான் அவரிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பேச்சி என்ற பெண் வந்து நின்றாள். புருஷனோடு இந்தியாவுக்குப் போகப் பாஸ்போட்டுக்கு எழுதிக்கொடுத்தவள். கையில் ஒரு படம்.

"ஐயா, மொகம் தெரியலைன்னு பாஸ்போட்டுக் கந்தோருல திருப்பி அனுப்பிட்டாங்க. நாளையோட தவணை முடியுது. தோட்டத்துக் கிளாக்கரையா இன்னிக்கு ஒன்னரை மணி ரயில்ல கொழும்புக்குப் போறாரு. நானுஓயா ஸ்டேஷன்ல கொண்டாந்து குடுத்தா சேத்துடுறேன்னாரு. இல்லாட்டி எம் புருஷன் மட்டும் போகணும், நான் இங்கினயே கெடக்கணும்."

அண்ணன் படத்தை வாங்கிப் பார்த்தார். சேலை தெரிந்தது. கழுத்துக்கு மேலே ஒரே வெள்ளைப் புகை. ஒரு மூடுபனி நாளில், நேரமாகிவிட்டது என்ற பதற்றத்தில் அதை எடுத்தவர் அவரேதான்.

வெளியே அன்றும் எதிர்க்கடை தெரியாத பனி. அந்த நேரம் பார்த்துத் துரையின் கார் வந்து ஹோர்ன் அடித்தது.

"சீக்கிரம் வாங்க. பங்களாப் பக்கம் நல்ல வெயிலு. தொரை காத்துக்கிட்டு இருக்காரு" என்றான் டிரைவர்.

அண்ணனின் முகம் தெளிந்தது. "அப்ப இந்தப் புள்ளையையும் ஏத்திக்கிறேன். அங்கேயே ஒரு படம் எடுத்துடுவேன்."

"தொரை வண்டியில லயத்துக் கூலி ஆளுகளையா? என் வேலை போயிடும்."

அண்ணன் காரைப் பார்த்தார், பேச்சியைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். பட்டியலை எடுத்தார், திரும்பப் பையில் வைத்தார். ஹோர்ன் மறுபடி அலறியது.

"நீ போப்பா" என்றார். கார் போய்விட்டது.

பிறகு நாங்கள் மூன்று பேரும் கூரையைப் பார்த்தபடி இருந்தோம். பதினொன்று அடித்தது. பதினொன்றே கால் ஆயிற்று. பேச்சி முந்தானையால் முகத்தை ஒற்றிக்கொண்டே இருந்தாள். "அழாதம்மா, கண்ணு வீங்கினா அதுக்கும் திருப்பி அனுப்புவாங்க" என்று அதட்டியவருக்கே கண் கலங்கியிருந்தது.

பதினொன்றரைக்குக் கண்ணாடி மேல் லேசாக ஒரு மஞ்சள் படர்ந்தது. "அசையாத!" என்று அவர் போட்ட சத்தத்தில் நானும் மூச்சை அடக்கினேன். எடுத்தார். அடுத்த நிமிடம் பனி திரும்ப மூடியது.

இருட்டறையில் கழுவிப் பிரதி எடுத்துக்கொண்டு அவர் வெளியே வந்தபோது ஒரு மணி நானுஓயா பஸ்ஸுக்கு ஐந்து நிமிடம். படங்கள் சொட்டச் சொட்ட ஈரம். குடைக் கம்பிகளில் நாலு படத்தையும் காயவென்று கிளிப்பால் மாட்டி, "தம்பி, புடி, வா!" என்று, பேச்சி பின்னால் வர, என்னையும் இழுத்துக்கொண்டு ஓடினார். முதலாளியிடம் சொல்லக்கூட எனக்கு நேரமில்லை. நானுஓயா வரைக்கும் பஸ் ஜன்னலுக்கு வெளியே குடையை நீட்டிக்கொண்டு போனேன். நாலு பேச்சிகள் காற்றில் படபடத்தார்கள். வளைவுக்கு வளைவு அண்ணன், "பறந்துடப் போவுது, பறந்துடப் போவுது" என்று என் கையை நசுக்கினார். கண்டக்டர் நாலு படத்துக்கும் டிக்கெட் கேட்டான்.

நாங்கள் ஸ்டேஷனுக்குள் ஓடும்போது மணி ஒன்று நாற்பது. ரயில் இன்னும் வரவில்லை. அரை மணி நேரம் தாமதமாம். பிளாட்பாரத்தில் நின்ற கிளாக்கரையா படத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "மொகம் தெளிவா இருக்கே" என்று பைக்குள் வைத்தார். பேச்சி குனிந்து அண்ணன் காலைத் தொடப்போனாள். அவர் பதறிப் பின்னால் நகர்ந்து ஒரு கோழிக்கூடையில் இடறி உட்கார்ந்துவிட்டார்.

பாஸ்போட்டு கிடைத்தது. சில மாதங்களில் பேச்சியும் புருஷனும் ஒன்றாகவே கப்பலேறினார்கள். துரை வேறு ஆளை வைத்துக்கொண்டார். அந்தத் தோட்டங்களிலிருந்து அண்ணனுக்கு ஒரு வேலையும் வரவில்லை. அதைப் பற்றி அவர் யாரிடமும் குறைப்பட்டு நான் கேட்டதில்லை.

அன்று ரயில் போனபிறகு பார்த்தால் எங்களுக்குத் திரும்பப் பஸ் இல்லை. நடந்தே ஏறினோம். வழியெல்லாம் அவர் பட்டியலை எடுத்துப் பார்க்கவே இல்லை. முதலாளியின் ஏச்சை நினைத்து நான்தான் விறுவிறுவென்று நடந்தேன். அன்றைக்கு அவரோடு சேர்ந்து மெதுவாக நடந்திருக்கலாம்.